விளக்கணைத்த நால்வர்

அரங்கை இருட்டாக்குவது மேற்கத்திய செவ்வியல் இசைக்குப் புதிதன்று. 1876இல் பைரய்த்தில் இசையமைப்பாளர் வாக்னர் இசைக்குழுவையே மேடைக்கடியில் மறைத்துவைத்தார். பியானோக் கலைஞர் ரிக்டர் கடைசிக் காலத்தில் இசைத்தாளின் மேல் ஒரு சிறு விளக்கை மட்டும் விட்டுவைத்தார். இரண்டும் கேட்பவரின் கண்ணுக்கு வைத்த கட்டுப்பாடுகள். வாசிப்பவருக்கு வெளிச்சம் மிச்சமிருந்தது. அந்தச் சலுகையையும் பறித்தவர் ஆஸ்திரிய இசையமைப்பாளர் கேயார்க் ஃப்ரீட்ரிஹ் ஹாஸ். அவருடைய மூன்றாவது ஸ்டிரிங் குவார்ட்டெட்டை (2001) முழு இருட்டில்தான் வாசிக்க வேண்டும். நான்கு கலைஞர்களும் அரங்கின் நான்கு மூலைகளில், கேட்பவர்கள் நடுவில்.

இப்படியொரு படைப்பை மதிப்பிட முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விளக்கைப் போட்டுவிட்டால் எது கெடும்? பல ‘இருட்டுக் கச்சேரி’களில் எதுவும் கெடாது. ஷூபர்ட்டை இருட்டில் கேட்டாலும் ஷூபர்ட்தான். ஹாஸிடம் கெடும். குவார்ட்டெட் வாசிப்பு பாதி கண்ணால் நடப்பது. வில் எழும் விதம், ஒரு தலையசைப்பு, வாசிப்பவர் இழுக்கும் மூச்சு. இவற்றோடு இசைத்தாளையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஹாஸ் ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறார். ஒருவர் ஓர் ஒலியுருவை ‘அழைப்பாக’ வாசிக்கிறார். மற்றவர்கள் அதை ஏற்கலாம், காதில் விழாததுபோல் விட்டுவிடலாம். எல்லோரும் இசைந்தால் அந்தப் பகுதி விரியும். ஆக, ஒரு மூலையிலிருந்து கிளம்பிய கேள்விக்கு எதிர்மூலையில் விடை வருமா என்று நாமும் காத்திருக்கிறோம். இருட்டு இங்கே வடிவத்தின் ஓர் உறுப்பு. இது சிறிய சாதனையன்று.

இரண்டாவது சிறப்பு, குவார்ட்டெட்டில் மேற்கோளாக வரும் பழைய இசையமைப்பாளர் ஜெசுவால்டோவின் இசை. புனித வாரத்தின் டெனிப்ரே வழிபாட்டில் மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போவார்கள். அவ்வழிபாட்டுக்கு ஜெசுவால்டோ அமைத்த பாடல்கள் 1611இல் அச்சேறின. குவார்ட்டெட்டின் தலைப்பும் அந்த வழிபாட்டிலிருந்தே வருகிறது. நுண்சுருதி மூட்டத்துக்கு நடுவே அந்தப் பழைய ஒத்திசை தலைகாட்டும்போது மனம் நெகிழ்கிறது. அவ்வளவு நேர உரசலுக்குப் பின் எந்த ஒத்திசைவும் இதமாகத்தான் கேட்கும் என்று வாதிடலாம். ஆனால் மேற்கோளுக்கும் இருட்டுக்கும் மூலம் ஒன்றாக இருப்பதால் அது வெறும் உத்தியாகத் தேங்கிவிடவில்லை.

குறைகளும் அதே முறையிலிருந்தே முளைக்கின்றன. அழைப்புக்கும் ஏற்புக்கும் இடையிலான இடைவெளிகளில் பதற்றம் தளர்கிறது. அழைத்தவர் காத்திருக்க, அழைக்கப்பட்டவர் வேறெங்கோ இருக்கிறார். வழுக்கல்களும் கீறல்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. சாதாரண ஒலிக்கும் இருட்டு ஓர் ஆழத்தைக் கடன் கொடுத்துவிடுகிறது. சலிப்பைத் தியானம் என்று நினைத்துக்கொள்வது எளிது. பார்வையை மறைத்தால் செவி கூர்மையாகும் என்ற விளம்பரப் பேச்சையும் நான் முழுதாக நம்பவில்லை. முதல் சில நிமிடங்களில் பக்கத்து நாற்காலியின் கிறீச்சும் நம் அச்சமுமே பெரிதாகக் கேட்கும். ஒலிப்பதிவை வெளிச்சத்தில் கேட்டால் சில பகுதிகள் மெலிந்து தெரிகின்றன. நாடகத்தை வானொலியில் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாமா என்பீர்கள். முழுத் தீர்ப்புக்கு அது போதாதுதான், ஐயத்துக்குப் போதும்.

குவார்ட்டெட்டுக்கு ஓராண்டு முன் ஹாஸ் 24 கருவிகளுக்கு எழுதிய ‘இன் வேய்ன்’ ஒப்பிடத் தக்கது. தீவிர வலதுசாரிகள் ஆஸ்திரிய அரசில் பங்கேற்றதற்கு எதிர்வினையாகப் பிறந்தது அது. அதில் இருட்டு வந்து வந்து போகும். விளக்கணைந்ததும் இசை நடத்துநரின் கோலுக்கு வேலையில்லை. இருட்டின் நடுவே இயற்கையான மேற்சுருதிகள் மேலெழுகின்றன. அதிகாரத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒரு கச்சேரி மேடை பேசியதை நான் அறியேன். இசை நடத்துநர் சைமன் ராட்டில் அதைத் தலைசிறந்த படைப்பு என்றது மிகையன்று. ஆனால் பிற்பகுதி இருட்டில் வெட்டும் ஒளிப்பளிச்சுகள், காது செய்துகொண்டிருந்த வேலையைக் கண்ணிடம் ஒப்படைத்துவிடுகின்றன.

பெரிய படைப்பு ‘இன் வேய்ன்’; இருட்டை நேர்மையாகக் கையாண்டது குவார்ட்டெட். குவார்ட்டெட்டின் தளர்ச்சிக்கான பழியை ஹாஸ் வாசிப்பவர்களோடு பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் 35 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று விதித்து, மேல்வரம்பைத் திறந்தே விட்டவர் அவர்தான்.