மேலே போகாத பந்துவீச்சாளரை ரசிப்பது எப்படி?

ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 2014-இல் வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உத்தரப் பிரதேசக் கிராமத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், 2008-இல் பந்து எறியும் போட்டி ஒன்றில் வென்று அமெரிக்கா போகிறார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பேஸ்பால் அணி அவரை ஒப்பந்தம் செய்கிறது. படத்தின் கதை அவ்வளவுதான்.

அவருடைய பந்துவீச்சு வாழ்க்கை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. 2009-இல், மேஜர் லீகுக்குக் கீழே ஏணிபோல் அமைந்த மைனர் லீகின் அடிப்படியில் வீசினார். 2012-இல் மேற்கு வர்ஜீனியாவில் 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸ் என்றால் மூன்று அவுட்) வீசும் அளவுக்கு ஏறினார். அடுத்து காயம், ஓய்வு, மறுபடி காயம். மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாமலே பேஸ்பாலை விட்டார்.

‘தோற்றுவிட்டார்’ என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம். முடித்தால் பெரிய இன்பம் ஒன்றை இழப்போம். மைனர் லீக் வீச்சாளர்களில் மிகப் பலருக்கு வாழ்க்கை இப்படித்தான் போகிறது. இந்த வாழ்க்கையை ரசிக்கத் தனிக் கண் வேண்டும். அதைப் பழக்கிக்கொள்ளச் சில வழிகள் இங்கே.

ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றின் கீழும் நான்கு படிகளில் நான்கு அணிகள்: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. ஆக 120 அணிகள். அதற்கும் கீழே ஃபுளோரிடா, அரிசோனா, டொமினிகன் குடியரசு ஆகிய இடங்களில் புதியவர்களுக்கான லீகுகள். இந்த அமைப்பை அவர்கள் ‘பண்ணை’ என்றே சொல்கிறார்கள். ஆட்களை விளைவிக்கும் இடம் என்று பொருள்.

நம் ரஞ்சி ஆட்டக்காரர் இந்தியாவுக்கு ஆடாவிட்டாலும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்தான். மாநில அணியின் வெற்றி அவருக்கும் பெருமை. மைனர் லீக் வீச்சாளருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. எந்த ஊரில் ஆடுவது என்பதைத் தாய் அணி முடிவு செய்யும். இன்று இந்த ஊர், அடுத்த மாதம் வேறு ஊர். சம்பளமும் வெகுகாலம் சொற்பம்தான். 2022-இல் டிரிபிள் ஏ ஆட்டக்காரருக்கே குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலர். 2023-இல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்த பிறகுதான் அது 35,800 ஆனது. ஒரு வீச்சாளரின் பெயருக்கு எதிரே ஊர்ப் பெயர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெட்டி கட்டப்பட்டது, ஒரு வாடகை அறை தேடப்பட்டது என்று சேர்த்துப் படியுங்கள்.

பந்து போகும் வழியைப் பாருங்கள்

கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும். ஆடுகளம் வீச்சாளருக்குக் கொஞ்சம் துணை செய்யும். பேஸ்பாலில் அந்தத் துணை கிடையாது. பத்து அங்குல உயர மண்மேட்டில் நின்று, 18.44 மீட்டர் தள்ளியுள்ள 17 அங்குல அகலத் தட்டுக்கு மேலாக, தரையில் படாமல் பந்து போக வேண்டும். உயரத்துக்கும் எல்லை உண்டு: மட்டையாளரின் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாது, மார்புக்கு மேலே ஏறக் கூடாது.

இந்த எல்லைகளுக்குள் பந்து போனாலோ, மட்டையாளர் சுழற்றித் தவறவிட்டாலோ அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் மட்டையாளர் அவுட். எல்லைக்கு வெளியே போகும் பந்துக்கு மட்டையாளர் மட்டையைச் சுழற்றாமல் விட்டால், அப்படி நான்கு சேர்ந்ததும், ஓடி அடைய வேண்டிய முதல் நிலையான முதல் பேஸுக்கு அவர் நடந்தே போய்விடலாம். அதற்கு ‘வாக்’ என்று பெயர். நம் வைடு போல ஓர் ஓட்டத்தோடு போகாது. எதிரணிக்கு ஓர் ஆளையே சும்மா தூக்கிக் கொடுப்பது அது.

வாக் கணக்கைப் படியுங்கள்

புதிய ரசிகர்கள் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் வாக் எண்ணைப் பாருங்கள். ஒருவர் தன் கையோடு நடத்தும் போராட்டம் முழுவதும் அதில் பதிவாகியிருக்கும். இதைக் கற்க ஸ்டீவ் டால்கோவ்ஸ்கியை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

1939-இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் ஊரில் பிறந்தவர். இடக்கை வீச்சாளர். 1957-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அவரைப் பள்ளியிலிருந்தே எடுத்துக்கொண்டது. டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் முதல் பருவம். 62 இன்னிங்ஸ் வீசி 121 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். அதாவது எடுத்த மூன்று விக்கெட்டில் கிட்டத்தட்ட இரண்டு மட்டையில் படாமலே விழுந்தன. அதே 62 இன்னிங்ஸில் 129 வாக். மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்க நிற்கும் கேட்சரின் கைக்கும் எட்டாமல் போன பந்துகள் 39.

1960-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் 170 இன்னிங்ஸ். ஸ்ட்ரைக் அவுட் 262. வாக்கும் 262! வரமும் சாபமும் ஒரே எண்ணில் வந்து நின்ற ஆண்டு அது.

அவர் எவ்வளவு வேகமாக வீசினார் என்பது இன்றுவரை கதையாகவே இருக்கிறது. 1958-இல் ராணுவத்தின் சோதனைக் களம் ஒன்றில் அளந்து பார்த்தார்கள். மணிக்கு 93.5 மைல், ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஆனால் முந்தின நாள்தான் ஓர் ஆட்டத்தில் வீசியிருந்தார், மண்மேடும் இல்லை, கருவியின் சிறு திறப்புக்குள் பந்தைச் செலுத்தவே வெகுநேரம் பிடித்தது. அவரோடு ஆடியவர்கள் பலர் அந்த எண்ணை நம்பவில்லை.

1962-இல் நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் அவருக்கு மேலாளராக வந்தவர் எர்ல் வீவர். பின்னாளில் ஓரியோல்ஸின் புகழ்பெற்ற மேலாளரானவர். அவர் டால்கோவ்ஸ்கியின் தலையில் குவிந்திருந்த அறிவுரைகளைக் குறைத்தார்: வேகப்பந்து, பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர், இந்த இரண்டு போதும், முழு பலத்தையும் கொட்டாதே. அந்தப் பருவத்தில் டால்கோவ்ஸ்கி வீசியது 160 இன்னிங்ஸ்; ஸ்ட்ரைக் அவுட் 192; வாக் 114. இன்னிங்ஸுக்கு இரண்டு வாக் கொடுத்தவர், ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தார்.

இந்த இடத்தில் சற்று நிறுத்தி யோசியுங்கள். ஐந்து ஆண்டுகள் எத்தனை பயிற்சியாளர்கள் முயன்றும் வராத ஒன்று வந்துவிட்டது. அதைப் பார்த்தவர்கள் எல்மைரா போன்ற சிறு ஊர்களின் மைதானங்களுக்கு வந்தவர்கள்தான். மைனர் லீகின் பெரிய தருணங்கள் பெரும்பாலும் இப்படித்தான், கூட்டமில்லாமல் நடக்கின்றன.

முழங்கையை மறக்காதீர்கள்

1963 மார்ச். பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். மேஜர் லீக் அணியில் டால்கோவ்ஸ்கிக்கு இடம் உறுதியாகியிருந்த நேரம். நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக வீசும்போது முழங்கையில் ஏதோ விட்டுப்போனது. பழைய வேகம் திரும்பவே இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கீழ் லீகுகளில் அலைந்து 1965-இல் நிறுத்திக்கொண்டார்.

முழங்கைத் தசைநாருக்கு மாற்று நாரைப் பொருத்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தது, டால்கோவ்ஸ்கி நிறுத்தி ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1974-இல். அதைச் செய்துகொண்ட டாமி ஜான் என்ற வீச்சாளர் மீண்டு வந்து 1989 வரை ஆடினார். சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு வீச்சாளரின் கணக்கில் ஓர் ஆண்டு முழுக்க வெற்றாக இருந்தால், பெரும்பாலும் அங்கே ஒரு முழங்கையோ தோளோ இருக்கிறது. வெற்று வரியையும் படிக்கத் தெரிந்தவரே நல்ல ரசிகர்.

ஆட்டத்துக்குப் பின்னும் பாருங்கள்

டால்கோவ்ஸ்கி கலிபோர்னியத் தோட்டங்களில் கூலி வேலை செய்தார். குடி அவரை விழுங்கியது. நினைவு மங்கியது. கடைசியில் சகோதரி பிறந்த ஊருக்கே அழைத்து வந்து பார்த்துக்கொண்டார். ஓரியோல்ஸ் பண்ணையில் ஆடிய இன்னொருவர், ரான் ஷெல்டன், அங்கே கேட்ட டால்கோவ்ஸ்கி கதைகளை மனதில் வைத்து 1988-இல் ‘புல் டர்ஹாம்’ படத்தில் ஒரு முரட்டு வீச்சாளரை உருவாக்கினார். 2003-இல் பால்டிமோர் மைதானத்தில் ஓர் ஆட்டத்தின் சம்பிரதாயத் தொடக்கப் பந்தை வீச டால்கோவ்ஸ்கியை அழைத்தார்கள். 2020 ஏப்ரலில், 80 வயதில், கொரோனாவில் இறந்தார்.

மேலே போனாரா என்று மட்டும் கேட்டால் பதில் ‘இல்லை’. அந்தக் கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். இனி எந்த மைனர் லீக் வீச்சாளரின் கணக்கைப் பார்த்தாலும், கடைசி வரிக்குத் தாவாமல் மேலிருந்து கீழே ஒவ்வோர் ஆண்டாக வாருங்கள். 1957-இல் 62 இன்னிங்ஸில் 129 வாக். 1962-இல் 160 இன்னிங்ஸில் 114. இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு மனிதர் தன் கையை அடக்கக் கற்றுக்கொண்டார். அதைக் கண்டுகொண்டால் நீங்கள் ரசிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.