ஜகத்தலும் லட்சுமியும் எங்க வீட்டு மாருதி 800-உம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பி வைத்துவிட்டு, பெட்ரோல் வாடை கொஞ்சம் அடங்கட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்தேன். அந்த இடைவெளியில்தான் ரித்விக் கட்டக்கின் ‘அஜாந்த்ரிக்’ (1958) படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். கல்லூரி நாட்களில் பார்த்தபோது அது எனக்கு ஒரு மனிதனின் தனிமையைப் பற்றிய படம். இந்த முறை கையில் கிரீஸோடு பார்த்ததால் வேறு சில விஷயங்கள் கண்ணில் பட்டன. அவற்றை எழுதி வைக்கிறேன்.

கதை சின்னதுதான். சுபோத் கோஷ் எழுதிய வங்கச் சிறுகதையிலிருந்து எடுத்தது. பிமல் ஒரு டாக்சி டிரைவர். அவனிடம் 1920-ஆம் வருஷத்து செவர்லே ஒன்று இருக்கிறது. பெயர் ஜகத்தல். வங்காளத்தில் அது அசைக்க முடியாத பெருங்கல்லைக் குறிக்கும் சொல். ஊரே கேலி செய்தாலும் பிமலுக்கு அதுதான் குடும்பம். இருப்பதையெல்லாம் போட்டு ரிப்பேர் செய்கிறான். கடைசியில் வண்டி நின்றுவிடுகிறது. காயலாங்கடைக்காரருக்கு விற்கிறான்.

நம்ம ஊரில் இதற்கு இணை சொல்லுங்கள் என்றால் எல்லோரும் ‘படிக்காதவன்’ (1985) லட்சுமியைத்தான் சொல்வார்கள். ரஜினியின் அந்த டாக்சி, இந்தி ‘குத்தார்’ (1982) படத்தில் அமிதாப் ஓட்டிய பசந்தியின் தமிழ்த் தங்கை. லட்சுமியோடு பேசலாம், கொஞ்சலாம், திட்டலாம். அதற்கும் ரோஷம் வரும். சின்ன வயசில் கடலூர் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து, அப்பாவின் ஸ்கூட்டருக்கு நானும் ஒரு பெயர் வைத்திருந்தேன்.

இரண்டு படங்களும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: வண்டி ஓர் ஆள். ஆனால் லட்சுமியின் பானட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது படத்துக்குத் தேவையே இல்லை. பாசம் இருந்தால் போதும், ஸ்டார்ட் ஆகும். ஜகத்தல் அப்படி இல்லை. பிமல் அதன் அடியில் படுக்கிறான், துடைக்கிறான், முடுக்குகிறான். அன்பு என்பது அங்கே கைவேலை.

இதை நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆயுத பூஜையின் வரிசையைப் பாருங்கள். முதலில் வண்டியைக் கழுவுவோம். பிறகு துடைப்போம், எண்ணெய் போடுவோம். அதற்குப் பிறகுதான் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் ஓடுகிறதென்றால், சக்கரத்தையும் அச்சையும் யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெகுஜன சினிமா இந்தச் சடங்கில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. கட்டக் முன்பாதியையும் எடுத்துக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை அவர் படம் பெரிய படமாவது இந்த இடத்தில்தான். இன்னொரு குறிப்பு: அந்தப் படத்தில் வரும் ஒராவோன் மக்களின் குடுக் மொழியும் தமிழ் போலவே திராவிட மொழிதான்.

ஆனால் கட்டக்கோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

படத்தில் புகழ்பெற்ற ஒரு காட்சி: பிமல் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிறான். ஜகத்தல் மடக் மடக் என்று மனிதன் மாதிரி குடிக்கிறது. அது வெறும் கற்பனை இல்லை. காலி ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று அப்படித்தான் சத்தம் போட்டு வெளியே வரும். நிஜமான ஒரு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த காட்சி. இதை எங்கள் சிதம்பரம் மெக்கானிக் அண்ணனிடம் போனில் போட்டுக் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சார், வண்டி இவ்ளோ தண்ணி குடிக்குதுன்னா அது பாசம் இல்ல. எங்கயோ லீக்கு, இல்லன்னா ஹெட் கேஸ்கெட்டு. குடிச்ச தண்ணி எங்க போகுதுன்னு பாத்தானா அவன்?”

படம் கேட்காத கேள்வி அதுதான். தாகம் என்று பெயர் வைத்தவுடனே ‘ஏன்’ என்பது நின்றுபோகிறது. பழுதைக் குணம் என்று எடுத்துக்கொண்டால் அதைச் சரிசெய்ய மனசு வராது.

அடுத்தது அந்தக் கடைசி ரிப்பேர். பிமல் சேமிப்பையெல்லாம் கொட்டிப் புது பாகங்கள் போடுகிறான். பிறகு வண்டி தேறிவிட்டதா என்று பார்க்கப் பாறாங்கற்களை ஏற்றி ஓட்டுகிறான். வண்டி அதோடு முடிந்துபோகிறது. விமர்சகர்கள் இதை நம்பிக்கைத் துரோகம், விதி என்றெல்லாம் படிக்கலாம். நான் படிப்பது எளிமையாக: பழைய வண்டியில் ஒரு பாகத்தைப் பலப்படுத்தினால் பலவீனம் மறைந்துவிடுவதில்லை, பக்கத்து பாகத்துக்கு இடம் மாறுகிறது. சாஃப்ட்வேரிலும் இதே கதைதான். ஒரு சர்வரை வேகப்படுத்தினால் அடுத்த டேட்டாபேஸ் படுத்துவிடும்.

இதை நான் சொந்தக் காசில் கற்றேன். எங்கள் வண்டி அப்பா வாங்கிய 1998 மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்ப்பரேட்டர். ராத்திரியில் வெளிச்சம் போதவில்லை என்று, இருந்த 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 வாட் போட்டேன். செலவு சில நூறு ரூபாய். கணக்கு ரொம்ப சுலபம். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் சுமார் 9 ஆம்பியர், 90 வாட் என்றால் 15 ஆம்பியர். அந்தக் கூடுதல் கரண்ட் முழுவதும் அதே பழைய ஒயரிலும் ஸ்விட்சிலும்தான் ஓடியது. கடலூரிலிருந்து திரும்பும்போது, ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரத்துக்கு முன்னால் கருகல் வாடை வந்தது. ஓரம் கட்டிப் பார்த்தால் பல்பு ஹோல்டர் உருகியிருந்தது. பிமல் ஏற்றியது கல், நான் ஏற்றியது வாட்.

பிறகு பழைய வாட் பல்புக்கே திரும்பினேன். பாட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட தனி ஒயர் இழுத்து, ஒரு ரிலே வைத்தேன். பழைய ஒயரில் வழியிலேயே விழுந்துகொண்டிருந்த வோல்ட்டேஜ் இப்போது பல்புக்கு முழுசாகப் போகிறது. அதே பல்பு, நல்ல வெளிச்சம். பல்பில் குறையே இருக்கவில்லை.

மெக்கானிக் அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: “இன்ஜின்ல காசு போடாதீங்க சார். மொதல்ல அடியப் பாருங்க.” கடல் காற்று வாங்கிய ஊர் வண்டி. மிதியடியைத் தூக்கினேன். டிரைவர் பக்கத்துத் தரையில் துரு. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் ஒரு இடத்தில் உள்ளே போனது. அன்றைக்கு உண்மையிலேயே பயந்தேன். இன்ஜின் நின்றால் ஓரமாகத் தள்ளலாம், தரை போனால் என்ன செய்வது? ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துத் தூக்கி அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தோம். தாங்கும் சட்டங்கள் நன்றாக இருந்தன. தகடுதான் போயிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாகிவிட்டது. சட்டம் போயிருந்தால் இந்தப் பதிவை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

எழுத வேண்டியும் வரலாம். சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ஆனது. ஜகத்தல் ‘சாகிறது’. நிஜத்தில் பழைய கார்கள் சாவதில்லை. ஒரு நாள் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள். அப்பா இல்லாத வீட்டில் அந்தக் கணக்கை நான்தான் போட வேண்டும். பாசத்தை அதில் எந்த வரியில் எழுதுவது என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் கட்டக்கின் முடிவை மட்டும் நான் இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். ஜகத்தல் போன பிறகு அதன் ஹாரன் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் ஒரு குழந்தை அதை அழுத்தி விளையாடுகிறது. பிமல் முகத்தில் அழுகையும் சிரிப்பும். முதல் தடவை பார்த்தபோது அது நினைவின் எச்சம் என்று தோன்றியது. இப்போது எங்கள் வண்டியின் இடது கதவுக் கைப்பிடி ஞாபகம் வருகிறது. அது சென்னை புதுப்பேட்டையில், பிரித்துப் போட்ட வேறொரு 800-இலிருந்து வாங்கியது. அந்த வண்டியையும் யாரோ ஒருத்தர் மனசில்லாமல்தான் விற்றிருப்பார். குறைந்த செலவில் பழைய வண்டி ஓட்டுகிற நாங்கள் எல்லோரும், வேறு யாரோ ஒரு பிமல் விற்றுவிட்டுப் போன பாகங்களில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

கார்ப்பரேட்டரைத் திரும்ப மாட்டிவிட்டேன். சோக்கை இழுத்ததும் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது. பானட்டை ஒரு தட்டுத் தட்டினேன். அந்த அளவு லட்சுமிக்கு விட்டுக்கொடுக்கலாம்.