‘ஒண்ணும் ஆகாதும்மா’: ஓர் ஆறுதல் வாக்கியத்தை வாசித்தல்

சிறுநீர்ப்பைச் சிக்கலோடு மருத்துவரிடம் போகும் பெண்ணிடம், ‘உள்ள கேமரா விட்டுப் பாக்கணும்’ என்றோ ‘டியூப் வச்சு ஒரு டெஸ்ட் எடுக்கணும்’ என்றோ சொல்கிறார்கள். அவள் முகம் மாறுகிறது. உடனே மூன்று வாக்கியங்கள் வருகின்றன. ‘பயப்படாதீங்கம்மா.’ ‘ஒண்ணும் ஆகாது.’ ‘அஞ்சு நிமிஷ வேலை.’ மூன்றும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவைதாம். ஆனால் நல்லெண்ணம் எந்த வாக்கியத்தையும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக்கிவிடாது. கதையையும் கவிதையையும் வாசிப்பதுபோல இந்த ஆறுதல் மொழியையும், அதோடு கைக்கு வரும் தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் பிரதிகளாக வைத்து வாசிக்கலாம். யார் பேசுகிறார்? யாரிடம்? எதைச் சொல்லாமல் விடுகிறார்?

முதலில், என்ன பரிசோதனை என்பதைச் சொல்லிவிடலாம். பெண்கள் பலர் மேசையில் ஏறிப் படுத்த பிறகே அதைத் தெரிந்துகொள்கிறார்கள். சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்ப்பது சிஸ்டோஸ்கோபி. மரத்துப்போக ஜெல் தடவி, மெல்லிய குழாய்க் கேமராவைச் சிறுநீர்த் துவாரம் வழியே செலுத்தி, சிறுநீர்ப்பையைச் சலைன் நீரால் விரியச் செய்து பார்க்கிறார்கள். பெண்ணின் சிறுநீர்த் தாரை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான் என்பதால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு ஓரிரு நாள் எரியலாம். சிறுநீரில் லேசாக இரத்தம் தெரியலாம். யூரோடைனமிக்ஸ் வேறு. சிறுநீர்ப்பை எப்படி நிரம்புகிறது, எப்படிக் காலியாகிறது என்பதை அது அளக்கிறது. மெல்லிய குழாய் ஒன்று சிறுநீர்ப்பைக்குள்ளும் இன்னொன்று மலக்குடலிலோ யோனியிலோ வைக்கப்படும். சிறுநீர்ப்பையை மெதுவாக நிரப்புவார்கள். ‘முதல்ல எப்ப வர்ற மாதிரி இருக்கு?’ ‘இருமுங்க.’ ‘இனி தாங்காதுன்னா சொல்லுங்க.’ கடைசியில் குழாய்களோடேயே, அளவுக் கருவி பொருத்திய இருக்கையில் உட்கார்ந்து, அறையில் ஆட்கள் இருக்கும்போதே சிறுநீர் கழிக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு உடம்பு கூசியிருந்தால் அந்தக் கூச்சத்திலிருந்தே வாசிப்பைத் தொடங்கலாம். ‘பயப்படாதீங்க’ என்ற சொல், அவளுடைய பயத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. வலிக்குமா என்பது அதில் ஒரு பகுதிதான். யார் யார் அறையில் இருப்பார்கள், ஆண் டெக்னீஷியனா, மாணவர்கள் பார்ப்பார்களா, சேலையை எதுவரை தூக்க வேண்டும், மாதவிலக்கு வந்துவிட்டால் என்ன, புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களா, பணம் எவ்வளவு? இத்தனையும் அந்த ஒரு சொல்லில் அமுங்கிப்போகின்றன. திருமணமாகாத பெண்ணை அழைத்துவரும் அம்மாவுக்கு வேறொரு பயம் இருக்கிறது: ‘அதனால எதாவது ஆயிடுமா?’ எதனால், எது என்று அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சிறுநீர் வரும் துவாரமும் குழந்தை வரும் பாதையும் வேறு வேறு, கேமரா முதலாவதன் வழியாகத்தான் போகிறது என்று இரண்டு வாக்கியங்கள் சொன்னால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும். பள்ளியில் அந்தப் பாடத்தை ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிப்போன ஒரு சமூகம், மருத்துவமனையிலும் அதைத் தாண்டியே போகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கோ, கால்களை விரித்துக் கட்டிய அந்தப் படுக்கை நிலையே பழைய சம்பவத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அந்த இரகசியம் மருத்துவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் ‘ஒண்ணும் ஆகாது’ என்பது வெறும் ஊகம்.

தகவல் தாளின் மொழி இன்னும் நாசூக்கானது. ‘லேசான அசௌகரியம் இருக்கலாம்’ என்கிறது. வீட்டில் நாம் யாரும் ‘அசௌகரியமாக இருக்கிறது’ என்று அழுவதில்லை. ‘எரியுது’, ‘கடுக்குது’, ‘சுருக்குனு குத்துது’ என்போம். நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு என்று நுட்பமாகப் பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. சூடு என்று சொல்லி மோரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுத்து, தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கும் பாட்டிகூட அந்த வலியை அதன் பெயரால்தான் அழைத்தார். ‘அசௌகரியம்’ என்று எழுதியவருக்கு அந்த வலி வந்ததில்லை, அல்லது வந்ததைச் சொல்ல அனுமதி இல்லை. பலருக்குப் பரிசோதனை உண்மையிலேயே சிறிய எரிச்சலோடு முடிந்துவிடுகிறது. சிலருக்கு, முக்கியமாக ஏற்கெனவே புண்ணாகி வலிக்கும் சிறுநீர்ப்பை உள்ளவர்களுக்கு, அது கடும் வலி. ‘லேசான’ என்ற அடைமொழி இந்த இரண்டாமவரை முன்கூட்டியே பொய்யராக்கிவிடுகிறது. அவர் கத்தினால், ‘எல்லாரும் பொறுத்துக்கிறாங்க, நீங்க மட்டும் ஏம்மா?’ என்ற கேள்வி தயாராக இருக்கிறது.

அந்த அறைக்கு வருவதற்கு முன்பு நம் சிறுநீர்ப்பை என்ன பாடம் படித்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘ஒண்ணுக்கு’ என்று எண்ணால் மறைத்துச் சொல்லப் பழகி, பிறகு அதையும் விட்டுவிட்டு ‘பாத்ரூம் போகணும்’ என்று இடத்தின் பெயருக்கு மாறிக்கொண்டவர்கள் நாம். பேருந்துப் பயணத்துக்கு முந்தைய நாளே தண்ணீரைக் குறைக்கிறோம். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் மாணவியும் ஆசிரியையும் சேர்ந்தே அடக்குகிறார்கள். பந்தோபஸ்துக்குப் போகும் பெண் காவலர் நாள் முழுக்க அடக்குகிறார். ஜவுளிக்கடையில் நின்றே வேலை செய்யும் பெண், கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரின் முகம் பார்க்கிறார். கேரளத்தில் கடைப் பெண் ஊழியர்கள் உட்காரும் உரிமை கேட்டு நடத்திய போராட்டத்தின் தொடக்கமே கழிப்பறை இல்லாத கொடுமைதான். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் பி. விஜி முன்னெடுத்த ‘பெண்கூட்டு’ அமைப்பு அதிலிருந்துதான் கிளம்பியது. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கடைகள் சட்டத்தைத் திருத்தின. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்ட இடத்தில், எழுந்து கழிப்பறைக்குப் போவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடக்கு, மறை, யாரும் பார்க்காமல் போ என்று வாழ்நாள் முழுக்கப் பழக்கப்பட்ட உடம்பிடம் ஒரு நாள் காலையில் திடீரென்று, ‘இப்ப போங்கம்மா’ என்கிறார்கள். விளக்கு எரிகிறது, கணினித் திரையில் கோடு ஓடுகிறது, கதவருகே யாரோ நிற்கிறார்கள். வரவில்லை. ‘டைம் ஆகுது, போங்க.’ இன்னும் வரவில்லை. யூரோடைனமிக்ஸ் துறையின் கலைச்சொற்களிலேயே, ‘சூழல் காரணமாக வழக்கம்போலச் சிறுநீர் கழிக்க இயலாமை’ என்று பொருள்படும் தொடர் உண்டு. அறையின் குற்றம் நோயாளியின் நோயாகப் பதிவாகிவிடக் கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. ஆக, இந்தப் பயம் பரிசோதனைக்கு வெளியே இருக்கும் மனச் சமாச்சாரம் அல்ல. பரிசோதனையின் முடிவையே மாற்றக்கூடிய ஒன்று. ஒரு திரை, கதவுக்கு வெளியே போய் நிற்கும் பணியாளர், ஐந்து நிமிடக் கூடுதல் அவகாசம் ஆகியவற்றைச் சலுகை என்று நினைக்க வேண்டியதில்லை. சரியான அளவீட்டுக்கு அவை தேவை.

பெண்ணின் வலியை அவளைக் கேட்காமல் வெளியிலிருந்து அளவிடும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நம் மருத்துவமனைகளில் மகளிர் பிரிவுத் தட்டில் இன்றும் ‘சிம்ஸ் ஸ்பெகுலம்’ என்ற கருவி இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய ஜே. மரியன் சிம்ஸ், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி நகரில் 1845 முதல் 1849 வரை அடிமைப் பெண்கள்மீது அறுவைச் சோதனைகள் செய்தவர். பிரசவச் சிக்கலால் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்து, இடைவிடாமல் சிறுநீர் ஒழுகும் நிலைக்கு ஆளான பெண்கள் அவர்கள். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூவரின் பெயர்கள் மட்டும் ஏட்டில் இருக்கின்றன. அனார்க்காவுக்கு ஏறக்குறைய 30 அறுவைகள் நடந்தன. லூசியின் சிறுநீரை வடிக்க வைத்த பஞ்சு உள்ளேயே கெட்டித்து, அவர் சாவின் விளிம்புவரை போய் வந்தார். ஈதர் மயக்கம் 1846இலேயே பாஸ்டனில் வெளிப்படையாகச் செய்து காட்டப்பட்டிருந்தது. இந்தப் பெண்களுக்கு அது தரப்படவில்லை. மயக்க மருந்து தரும் அளவுக்கு இந்த அறுவையில் வலி இல்லை என்பதே சிம்ஸின் பிற்கால நிலைப்பாடு. அவர்களின் ஒப்புதலைப் பற்றி நமக்குச் சொல்பவரும் சிம்ஸ்தான். அவர்கள் எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவர் சிலை 2018இல் அகற்றப்பட்டது. கருவி இருக்கிறது, அது கண்டுபிடிக்கப்பட்ட பின் எத்தனையோ பெண்களுக்கு உதவியும் இருக்கிறது. அதோடு சேர்ந்து ‘இதற்கு அவ்வளவு வலிக்காது’ என்ற தீர்ப்பும் கைமாறி வந்திருக்கிறது.

இதன் மறுபக்கம், பரிசோதனைக்குப் பிறகு வரும் ‘ஒண்ணும் இல்லை’. 1915இல் கை ஹன்னர் என்ற அமெரிக்க மருத்துவர், தீராத சிறுநீர்ப்பை வலியோடு வந்த பெண்களின் சிறுநீர்ப்பைச் சுவரில் ஒருவகைப் புண்களைப் பார்த்து எழுதினார். கண்ணாடிக் கருவி அங்கே பெண்களின் பக்கம் சாட்சி சொன்னது. ஆனால் அதே வலி இருந்தும் புண் கண்ணில் படாத பெண்கள் மிகப் பலர். கருவிக்குத் தெரியாததால் வலியே இல்லை என்றாகி, பல பத்தாண்டுகள் அவர்களிடம் ‘மனசுதான் காரணம்’ என்று சொல்லப்பட்டது. அப்படி மருத்துவர் மாற்றி மருத்துவரிடம் அலைந்த விக்கி ராட்னர் என்ற பெண், 1984இல் இந்த நோயாளிகளுக்கென்று அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கினார். அவரே மருத்துவம் படித்தவர். அவருக்கே அந்தக் கதி என்றால், டோக்கன் எடுத்து வராந்தாவில் காத்திருக்கும் பெண்ணின் நிலை என்ன? முதலில் ‘ஒண்ணும் ஆகாது’, பிறகு ‘ஒண்ணும் இல்லை’: இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் அவளுடைய அனுபவம் மொத்தமும் காணாமல் போகிறது.

மூன்றாவது பிரதி, ஒப்புதல் படிவம். பெரும்பாலும் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். ‘இங்க ஒரு கையெழுத்து’ என்று விரல் காட்டும் இடத்தை மட்டுமே நாம் பார்க்கிறோம். பல இடங்களில் பக்கத்திலேயே கணவருக்கோ அப்பாவுக்கோ இன்னொரு கோடு. வயது வந்த, சுயநினைவுள்ள பெண்ணின் பரிசோதனைக்குக் கணவர் கையெழுத்திட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை மாணவிகள் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். நோயைக் கண்டறியும் சோதனைக்கு மட்டுமே ஒப்புதல் தந்திருந்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். கண்டறியத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது உறவினரின் சம்மதம் அவளுடைய சம்மதத்துக்கு ஈடாகாது என்று நீதிமன்றம் சொன்னது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருப்பதை உரிமையாகவே குறிப்பிடுகிறது. இவை எல்லாம் தாளில் இருக்கின்றன. அறைக்குள் வரும்போது, ‘கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரு’ என்ற குடும்பத்தின் கிசுகிசுப்புக்கு முன்னால் தோற்றுப்போகின்றன.

இவ்வளவு சொன்னதால், பயந்தால் போகாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பயத்தைப் புனிதப்படுத்துவதும் ஒருவகையில் பெண்ணைக் கைவிடுவதுதான். வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் போவது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். இந்தப் புற்றுநோய் ஆண்களுக்கே அதிகம் வருகிறது; ஆனால் பெண்களிடம் கண்டறியப்படும்போது முற்றிய நிலையில் இருப்பது அதிகம். ‘மாசத்துதா இருக்கும்’, ‘சூடா இருக்கும்’, ‘இன்ஃபெக்‌ஷனா இருக்கும்’ என்று வீட்டிலும் கிளினிக்கிலும் மாதங்கள் கழிந்துவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே சிஸ்டோஸ்கோபி உயிர் காக்கும் சோதனை. மறுமுனையில், எல்லாச் சோதனையும் எல்லோருக்கும் தேவைப்படுவதும் இல்லை. இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் சிறுநீர் கசியும், வேறு சிக்கல் இல்லாத 630 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. அறுவைக்கு முன் மருத்துவரின் எளிய நேரடிப் பரிசோதனை மட்டுமே செய்துகொண்டவர்களின் ஓராண்டுக்குப் பிந்தைய பலன், யூரோடைனமிக்ஸும் சேர்த்துச் செய்துகொண்டவர்களின் பலனுக்குக் குறைந்ததாக இல்லை. எனவே ‘இது எனக்கு எதுக்கு டாக்டர்? இதோட முடிவு என் சிகிச்சைய மாத்துமா?’ என்று கேட்பது கோழைத்தனம் ஆகாது. மருத்துவ அறிவே கேட்கும் கேள்வி அது.

பயத்தை இப்படிக் கேள்விகளாகப் பிரித்துவிடுவதே அதை மதிக்கும் வழி. யார் செய்வார்? அறையில் யார் இருப்பார்? மரத்துப்போக என்ன தருவீர்கள், அது வேலை செய்யும்வரை காத்திருப்பீர்களா? நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் போகாமல் நின்றுவிட்டாலோ இரவில் எங்கே வருவது? இவற்றுக்குப் பதில் கிடைத்த பெண்ணுக்கும் உள்ளங்கை வேர்க்கலாம். ஆனால் அவளுக்குத் தெரிந்தே அது நடக்கிறது.

‘பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது, அஞ்சு நிமிஷ வேலை’ என்பதற்குப் பதிலாக வேறொரு வாக்கியத்தை நம் மருத்துவ மாணவிகள் எழுதிப் பார்க்கலாம். ‘உங்களுக்கு இது கூச்சமாத்தான் இருக்கும். உள்ள போகும்போது எரியும், சிலருக்கு நல்லாவே வலிக்கும். எதுக்காகச் செய்யறோம்னு மொதல்ல சொல்றேன். இடையில போதும்னு தோணுனா கைய தூக்குங்க, நிறுத்திடுவேன்.’ இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.