உப்புக்காற்றில் ஒரு சிமெண்ட் தொட்டி

உப்பளங்களைப் பற்றிக் குறிப்பெடுக்கத்தான் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்துக்குப் போனேன். ஆனால் கண் போய் நின்றது ஒரு வீட்டு வாசலில். கடலைப் பார்த்த காங்கிரீட் வீடு. சன்ஷேடின் அடிப்பாகம் பொரிந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அதே வாசலில் துளசி வைத்த ஒரு சிமெண்ட் தொட்டி. விளிம்பில் சின்ன உடைசல், மற்றபடி கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"வீட்டை விட இது பழசு தம்பி. எங்க மாமனார் கையால போட்டது. கம்பி கிம்பி எதுவும் வைக்கல. ஈரச்சாக்கைச் சுத்தி பத்து நாளைக்கு மேல வச்சிருந்தாரு," என்றார் அந்த வீட்டு அம்மா.

நான் சிவில் படித்தவன் இல்லை; பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் அந்த ஈரச்சாக்கு மண்டைக்குள் நின்றுவிட்டது. காரணம், என் வீட்டு டீப்பாய் மேல் இருந்த ஒரு தட்டு.

சென்னையில் ஒரு கண்காட்சியில் 900 ரூபாய் கொடுத்து வாங்கியது. சாம்பல் நிறம், வழவழப்பு, மேலே "கைவினைக் காங்கிரீட்" என்று ஒரு சீட்டு. இந்த மாதிரி விளக்குத் தாங்கி, பூச்சாடி, சோப்புத் தட்டு, சுவர்க் கடிகாரம் எல்லாம் இப்போது நிறைய வருகின்றன. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஒருநாள் தட்டில் எலுமிச்சம்பழச் சாறு சிந்தியது. துடைத்தால் அந்த இடம் வெளிறிப்போயிருந்தது. சிமெண்டில் சுண்ணாம்புச் சத்து உண்டு, அமிலம் அதை அரிக்கும். அதுகூடப் பரவாயில்லை. சில மாதங்களில் ஓரத்தை விரலால் தேய்த்தால் மாவாக உதிர ஆரம்பித்தது. அதுதான் என் விமர்சனம் தொடங்கும் இடம்.

இதில் "கை" எங்கே இருக்கிறது?

வடிவத்தில் இல்லை. சிலிக்கான் அச்சு கிடைத்துவிட்டால் அதே தட்டை யாரும் ஊற்றலாம். அச்சு என்பது காப்பி-பேஸ்ட். கை இருக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களில்: கலவையில், பிறகு காத்திருப்பதில்.

முதலில் கலவை. நான் வீட்டில் போட்டுப் பார்த்த முதல் தொட்டி விரிசல் விட்டது. அச்சில் சுலபமாக இறங்கட்டும் என்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றியிருந்தேன். சிமெண்ட் எடையில் 40 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருந்தாலே போதும். அதிகமான தண்ணீர் பின்னால் ஆவியாகி, தான் இருந்த இடத்தைத் துளையாக விட்டுப் போகும். எடை குறைய வேண்டுமென்றால் பெர்லைட் சேர்க்கலாம், விரிசல் தாங்கக் கண்ணாடி இழை சேர்க்கலாம். ஒவ்வொன்றும் தண்ணீர்க் கணக்கை மாற்றும். கைப்பழக்கம் என்பது இந்தக் கணக்குதான்.

அடுத்தது காத்திருப்பு. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. சாதாரண சிமெண்டுக்கு 7 நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும்; முழுப் பலத்துக்கு 28 நாள் கணக்கு. அதுவும் ஈரம் காத்தால்தான். மறுநாளே அச்சிலிருந்து எடுத்து, வெயிலில் காயவைத்து, பளபளப்புப் பூச்சு அடித்து விற்றால் என் தட்டு மாதிரிதான் உதிரும்.

உப்புக் கடற்கரையில் இது வெறும் நுணுக்கம் இல்லை. காங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கும். உப்பின் குளோரைடு அதை உடைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். சன்ஷேடு வெடித்தது அதனால். ஐ.எஸ். 456 (2000) கலவைத் தண்ணீருக்கு வைத்திருக்கும் குளோரைடு வரம்பைப் பாருங்கள்: கம்பி வைத்த காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததற்கு 2,000. கடல்நீரில் இருப்பதோ சுமார் 19,000. மாமனாரின் தொட்டி தப்பியதில் பாதிக் காரணம் கம்பி இல்லாதது. மீதிப் பாதி அந்த ஈரச்சாக்கு. கம்பி இல்லாவிட்டாலும் உப்பு துளைகளில் புகுந்து படிகமாகி மேல்தோலை உரிக்கும். நெருக்கமாக இறுகிய கலவையில் அதற்கு இடம் குறைவு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பி வைத்த காங்கிரீட்டின் கதையில் ஒரு முக்கிய அத்தியாயமே பூந்தொட்டிதான். ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், தொட்டிகள் உடையாமல் இருக்க சிமெண்டுக்குள் இரும்பு வலை வைத்து, 1867-ல் காப்புரிமை வாங்கினார். அந்த யோசனை வளர்ந்து பாலமாகி, வீடாகி, எக்கியார்குப்பம் வரை வந்து துருப்பிடிக்கிறது. பக்கத்திலேயே இரும்பில்லாத தொட்டி சும்மா நிற்கிறது!

தோற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோவின் சுவர்களில் வரிசையாக வட்டக் குழிகள் இருக்கும். ஊற்றும்போது பலகைகளை முடுக்கிப் பிடித்த இடங்கள் அவை. இன்று பலகையே பார்க்காத அலங்காரப் பொருள்களிலும் அதே குழிகளை அச்சிலேயே வைத்து விடுகிறார்கள். வேலையின் தடம், வேலையே நடக்காத இடத்தில்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் நம்மிடமே இருக்கிறது. காரைக்குடி பக்கம் ஆத்தங்குடி. கண்ணாடிப் பலகையின் மேல் உலோகச் சட்டம், அதற்குள் கோல அச்சு, அதில் கையால் ஊற்றும் வண்ணக் கலவை, பின்னால் சிமெண்டும் மணலும். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறுக வைக்கிறார்கள். அங்கேயும் அச்சு உண்டு. ஆனால் ஒரு கல்லின் வண்ணம் கரையோரம் வழிந்த விதம் இன்னொன்றில் இருக்காது. அந்த வழுவழுப்பு பூச்சில் வந்ததல்ல, கண்ணாடி கொடுத்தது. மிதிக்க மிதிக்க மெருகு ஏறும்.

அதனால் காங்கிரீட் பொருள் வாங்கப் போகும் நண்பர்களுக்கு என் யோசனை: வடிவத்தை அப்புறம் பாருங்கள். விற்பவரிடம் "எத்தனை நாள் தண்ணீரில் வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பதில் தெரிந்து சொல்கிறவருக்கு 900 என்ன, 1,500 கொடுக்கலாம். பல நாள் இடத்தையும் கவனத்தையும் ஒரு பொருளுக்குக் கொடுத்தவருக்கு அது நியாயமான கூலி. பதில் தெரியாதவர் விற்பது சாம்பல் நிறத்தை மட்டும்தான்.

என் இரண்டாவது தொட்டி இப்போது பால்கனியில் ஈரச்சாக்குக்குள் இருக்கிறது. இன்று பதினொன்றாம் நாள். பிரித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. பிரிக்கவில்லை.