செம்பில் மாதா முகம்

மத்திய இத்தாலியைப் போப்பே அரசராக ஆண்ட காலத்தில் ரொட்டிக்கடையில் புழங்கியது செம்புச் சில்லறைதான். 5 குவாத்ரீனோ ஒரு பயோக்கோ. 5 பயோக்கோவுக்குக் குரோஸ்ஸோ என்கிற சின்ன வெள்ளிக்காசு. 18ஆம் நூற்றாண்டில் அந்த வெள்ளியில், ஏழைக்குக் கை நீட்டச் சொல்லும் உபதேசங்களைப் பொறித்தார்கள். ஏழை கையில் வெள்ளி ஏது? இருப்பவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது அது.

1797இல் தொலெந்தீனோ உடன்படிக்கை. நெப்போலியனுக்குக் கப்பமாகச் செல்வம் போனது. அதே 5 பயோக்கோ இப்போது செம்பில் வந்தது. உபதேசத்துக்குப் பதில் மாதா முகம். அதில் பாதி மதிப்புள்ள காசில் புனித பேதுரு. உலோகம் தராத மதிப்பை முகம் தரணுமாம்! விலை ஏறினால் நட்டம் செம்பு வைத்திருந்தவனுக்குத்தானே.

சேகரிப்பாளர்கள் பொறிப்பின் அழகை மெச்சட்டும். எனக்குத் தேய்ந்துபோன முகந்தான் பிரதி. கை மாறி மாறி ஜனங்கள் எழுதினது. இத்தாலியப் பேச்சில் பணத்துக்கு 'குவாத்ரீனி' என்கிற பேர் இன்னமும் புழங்குகிறது.