பெயர் சொல்லாத கீர்த்தனைகள்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்தோம்: 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியர், தமிழின் முதல் நாவலாசிரியர். அதற்கு ஒரு வருடம் முன்னர் அவர் வெளியிட்ட ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யை இந்த வருடம்தான் ஆற அமர வாசித்தேன். வாசிக்க வைத்தது மகள் கேட்ட கேள்வி.

மகள் இங்கே பலெர்மோவில் உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகிறாள். நான் கத்தோலிக்கன், மனைவியின் குடும்பம் சைவம். போன வருடம் காலமான மாமி, நெற்றியில் திருநீற்றோடு ஞாயிறு காலைகளில் வெறுங்காலுடன் மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறி, சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குப் போய்வருவார். “அப்பா, அம்மம்மாவும் பரலோகத்திலதானே? நீங்கள் உண்மையா அப்பிடி நம்புறீங்களோ, இல்லாட்டி எனக்காகச் சொல்றீங்களோ?” என்று மகள் கேட்டாள். நம்புகிறேன் என்றேன். ஆனால் பூசையில் ‘ஒரே திருச்சபையை’ என்று வாய்விட்டுச் சொல்லும் நான் எந்த உரிமையில் அப்படி நம்புகிறேன் என்று எனக்கே விளக்கத் தெரியவில்லை.

வேதநாயகம் பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. அவர் பிறப்பால் கத்தோலிக்கர். கடைசிவரை அப்படியே இருந்தார். எந்தச் சமயமாயினும் அதைக் கைக்கொண்டு மீட்பு அடையலாம் என்ற கருத்தைப் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் தவறுகளின் பட்டியலில் சேர்த்தது 1864இல். பதினான்கு வருடங்கள் கழித்து, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வுபெற்ற இந்தக் கத்தோலிக்கர், எல்லாச் சமயத்தவரும் பாடத்தக்க கீர்த்தனைகளைப் புத்தகமாக்கினார். மற்றச் சமயங்களில் உண்மையானதும் புனிதமானதுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்வதற்கு 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் கையாண்ட வழி எளிமையானது. பாட்டில் எந்தச் சமயத்துக் கடவுளின் பெயரையும் சொல்வதில்லை. ஐயா என்றும் நாதா என்றும் விளிப்பார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அவர் காலத்துக் காவிரிக்கரை இசை வடிவத்தில் பாட்டு நடக்கும். சைவர்களும் அவரை அந்நியராகப் பார்க்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரையே பாட்டுடைத் தலைவனாக்கிக் ‘குளத்துக்கோவை’ பாடினார்.

இதை வைத்து அவரைச் சபையைத் தாண்டி வளர்ந்த சீர்திருத்தக்காரராகக் காட்டுவோர் உண்டு. அதே கைதான் ‘தேவமாதா அந்தாதி’யையும் ‘பெரியநாயகி அம்மாள் பதிக’த்தையும் எழுதியது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவற்றில் மாதாவைப் பெயர் சொல்லி, உரிமையோடு கூப்பிடுகிறார். ஒன்றை எழுதியதற்காக மற்றதை அவர் கிழித்துப் போடவில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த மனிதர் முழுதாகத் தெரிவார்.

ஆனால் கீர்த்தனைகள் எல்லாம் ஒரே தரமல்ல. வெறும் துதிப்பாடல்களில் பெயரின்மை பாட்டை மெலிய வைக்கிறது. எல்லாம் அறிந்தவன், கருணை உடையவன் என்ற அடைமொழிகள் யாருக்கும் பொருந்தும். ஆகவே ஒருவர் முகமும் தெரிவதில்லை. ஊர் இல்லை, மலை இல்லை, கதை இல்லை. தேவாரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பெரிய குறை.

பஞ்சப் பாடல்கள் வேறு மாதிரி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. அப்போது அவர் தன் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்கு உதவினார். அந்தப் பாடல்களில் கடவுளோடு முறையிடுகிறார், வழக்காடுகிறார். அங்கே பெயர் இல்லாதது குறையாகத் தெரியவில்லை. கஞ்சிக்கு நிற்கும் வரிசையில் எல்லாச் சமயத்தவரும் நிற்கும்போது ‘ஐயா’ என்ற ஒரு விளி போதும். சமரசம் என்பது இங்கே கொள்கையாக இல்லை, பசியாக இருக்கிறது. நூலின் உயிர் இந்தப் பகுதியில்தான் என்பது என் துணிபு.

பாட்டு என்ற வடிவம் அவருக்கு ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது. பாட்டு வேண்டுகிறது, வாதிடுவதில்லை. எங்கள் தீவில் வாதமாக எழுதியவருக்கு நடந்தது தெரியும். மரியாவையும் மனித விடுதலையையும் பற்றி 1990இல் எழுதிய நூலுக்காகத் திஸ்ஸ பாலசூரிய அடிகளாரை வத்திக்கான் 1997 ஜனவரியில் சபைவிலக்குச் செய்தது. ஒரு வருடம் கழித்து விலக்கு நீக்கப்பட்டது. அவருடைய துணிவு முன்சீப்பிடம் இல்லை என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் முன்சீப்பின் பாட்டுகளைச் சைவர்களும் பாடினார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாமியின் வழி இந்த இரண்டுமல்ல. 1624இல் கொள்ளைநோய் நகரை வாட்டியபோது ரொசாலியாவின் எலும்புகள் அந்த மலையில் கிடைத்தன. மறுவருடம் அவற்றைத் தெருத்தெருவாகப் பவனி கொண்டுபோன பிறகு நோய் தணிந்தது என்பது பலெர்மோக்காரரின் நம்பிக்கை. அந்தக் கதை, குகைக்கூரையில் இருந்து சொட்டும் தண்ணீர், நேர்த்திப் பொருட்கள் தொங்கும் சுவர் எல்லாம் மாமிக்கு வேண்டும். மடுமாதாவிடம் போய்ப் பழகியவர் அவர். பெயர்களை விலக்கி அவர் சமரசம் காணவில்லை. முருகனுக்குப் பக்கத்தில் ரொசாலியாவையும் வைத்தார். இரண்டு பெயரையும் சொல்லிக் கும்பிட்டார்.

கவிதை என்று பார்த்தால் மாமியின் வழியே வளமானது. ஆனால் மாமிக்கு ஒப்புக்கொடுக்க ஒரு விசுவாசப் பிரமாணம் இருக்கவில்லை. எனக்கும் வேதநாயகம் பிள்ளைக்கும் இருந்தது. சபைக்குள் இருந்துகொண்டு, சபை அன்று சொல்லாத ஒன்றை நம்பியவர், இரண்டையும் மறைக்காமல் தன் பெயரிலேயே அச்சிட்டார். மகளுக்கு நான் கொடுக்கக்கூடிய முன்மாதிரி அதுதான்.

செப்டெம்பர் 3ஆம் திகதி இரவு நகரமே அந்த மலை ஏறும். இந்த முறை மகளும் வருகிறாள். கேள்வியை அவள் மறந்திருக்க மாட்டாள். ஏறும்போது பஞ்சப் பாடல்களைப் பற்றிச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.