காணாதார் நட்பு

உறையூரில் இருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் சோழன் வடக்கிருந்தபோது தன் அருகே புலவருக்கென ஓரிடம் ஒதுக்கச் சொன்னான். புலவரும் வந்து சேர்ந்தார். புறநானூறு காட்டும் இந்நிகழ்ச்சி தமிழர் நட்பின் உச்சமாகப் பள்ளிதோறும் கற்பிக்கப்படுகிறது. நட்புக்குக் கண் வேண்டா, உணர்வே போதும் என்று கொண்டாடிய இனம், கண்ணில்லாத மனிதனைத் தன் இலக்கியத்தில் நண்பனாக எங்கே அமர்த்தியது? இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று.

பெரியபுராணம் போற்றும் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்க் குளம் தூர்ந்தபோது, கோல்களை நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண் சுமந்தார். எள்ளியவர்கள் தோற்றனர், அவர் கண் பெற்றார். கற்பவர் மனம் பெரும்பாலும் இறுதியில் வரும் அற்புதத்திலேயே நின்றுவிடுகிறது. எவரையும் எதிர்பாராமல் தன் வழியைத் தானே அமைத்துக்கொண்ட அந்தக் கயிறும் கோலும் அதனினும் வியத்தகு செய்தி என்பதை உணர்வார் சிலரே. அவரோடு குளத்தில் இறங்கிய தோழன் ஒருவனையும் கதை காட்டவில்லை. அடியார் ஆவதற்கு அவருக்குத் தகுதி இருந்தது. தோழராவதற்கு வாய்ப்பு அமையவில்லை.

இக்குறையை ஓரளவு நீக்குவோர் இரட்டைப் புலவர்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் முடமானவர். முடவரைத் தோளில் சுமந்து மற்றவர் நடந்தார் என்றும், ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடித்தார் என்றும் மரபு கூறும். தில்லைக் கலம்பகம் இவர்கள் பெயரால் வழங்குவது. இங்கே கொடுப்பவன் யார், பெறுபவன் யார் எனப் பிரித்துக் காட்ட இயலாது. ஒருவர் கண் தந்தார். மற்றவர் கால் தந்தார். கவிதையை இருவரும் தந்தனர். நட்பின் இலக்கணம் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் உள்ளது.

இவ்வளவு கோலில் இக்காலப் பார்வையற்ற மாணவனின் வாழ்வை அளக்க முற்படுவோர், எகிப்திய அறிஞர் தாஹா ஹுசைன் எழுதிய 'நாட்கள்' என்னும் தன்வரலாற்றை நாடுதல் நன்று. 1889-இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்து, பாரிசில் ஆய்வுப் பட்டம் பெற்று, 1950-இல் தம் நாட்டின் கல்வியமைச்சரானவர் அவர். தம்மையே 'சிறுவன்' எனப் படர்க்கையில் வைத்துப் பேசும் அந்நூலில், கெய்ரோவின் அல்-அஸ்ஹருக்குப் படிக்க வந்த நாட்களைச் சொல்லும் பகுதி மறக்கவொண்ணாதது. உடன் தங்கிய அண்ணன் நண்பர்களோடு தேநீர் அருந்தப் போய்விடுவான். அவர்களுடைய சிரிப்பொலி சிறுவனின் தனியறைக்குக் கேட்கும். அங்கே செல்ல அவன் மனம் துடிக்கும். அழைத்துப் போ எனக் கேட்க நாணம் தடுக்கும். அண்ணன் கொடியவன் அல்லன். உணவு வைப்பான், பாடத்துக்கு அழைத்துச் செல்வான். சிறுவனுக்கும் அந்தச் சிரிப்பில் ஓரிடம் வேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை.

பின்னர் ஊரிலிருந்து உறவினன் ஒருவன் அங்கேயே படிக்க வருகிறான். அத்துடன் தனிமை அகல்கிறது. அவனும் கைபிடித்தே நடத்துகிறான். அண்ணன் செய்ததும் அதுவே. வேறுபாடு யாது? இவனும் மாணவன், இருவரும் ஒன்றாக உண்கின்றனர், ஒன்றாகப் படிக்கின்றனர். கடமைக்காக நீளும் கை வேறு. தோழமைக்காக நீளும் கை வேறு. இந்நுட்பத்தை ஓர் உபதேசச் சொல்லும் இன்றி உணர்த்துவது நூலின் வெற்றி.

இப்பார்வையோடு கோல சிலாங்கூரையும் வட சிலாங்கூர்த் தோட்டங்களையும் நோக்கினால், எழுதப்படாத பல கதைகள் புலப்படும். நாட்டிலேயே முதன்முதலாக 1917-இல் வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் இப்பகுதியில் உள்ளது. பால்மரமும் செம்பனையும் தந்த துயரங்களை நம் எழுத்தாளர்கள் நிறையவே எழுதியுள்ளனர். பார்வையற்ற மாணவனோ மாணவியோ நடுநாயகமாக நிற்கும் கதை அவற்றுள் அரிது. பார்வையற்றோர்க்கான பழைய பள்ளிகள் தொலைவில் இருந்தன. செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926-இல் மலாக்காவில் தோன்றி 1931-இல் பினாங்குக்குப் பெயர்ந்தது. பிரின்சஸ் எலிசபெத் பள்ளி 1948-இல் ஜொகூர் பாருவில் எழுந்தது. லயத்துப் பிள்ளை அங்கே சென்றால் பிரெய்ல் கற்கும்; ஆனால் உடன் விளையாடிய பிள்ளைகளை இழக்கும். விடுமுறையில் தோட்டத்துக்குத் திரும்பும்போது விருந்தாளியாகிவிடும். திருவிழாப் பந்தியில் அதற்கு முதல் இலை போடுவார்கள். மாலையில் திடலுக்கு அழைக்க மாட்டார்கள். "பாவம்" என்னும் ஒரு சொல்லே அந்தப் பிள்ளைக்கும் பிறர்க்கும் இடையே வேலியாகிவிடுகிறது.

இன்று நிலை மாறியுள்ளது. பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்து 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரில், தோட்டங்களுக்கு நடுவே சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் நிற்கிறது. மாற்றுத்திறனாளர் சட்டம் 2008-இல் இயற்றப்பட்டது. கைப்பேசி நூலைப் படித்துக் காட்டுகிறது, தமிழையும் படிக்கிறது. முன்பு பாடம் படித்துக் காட்டவாவது ஒருவர் அருகே வந்து அமர்ந்தார். அத்தேவை குறைந்தபின் அவர் வருவாரா? வந்தால், அது நட்பு. வாராவிடில், இதுவரை வந்தது வேறொன்று. கருவியும் சட்டமும் வகுப்பறை வரை கொண்டு சேர்க்கும். உணவுக்கூடத்து மேசையில் இடம் தருவது சக மாணவனின் மனமே. ஆழமான கதைக்குரிய கரு இங்கே இருக்கிறது.

இக்கருவைக் கையாளும் எழுத்தாளர் இரண்டு பழக்கங்களைக் கைவிடுதல் வேண்டும். ஒன்று, கடைசிப் பக்கத்தில் கண் கொடுத்துக் கதையை முடிப்பது. தண்டியடிகளுக்குப் பொருந்திய முடிவு பல்கலைக்கழக மாணவனுக்குப் பொருந்தாது. அவன் நாளையும் பார்வையின்றியே வகுப்புக்குப் போக வேண்டியவன். மற்றொன்று, பார்வையற்றவனைக் குற்றமற்றவனாகவே படைப்பது. அவன் கோபிக்கட்டும், நண்பனைக் கேலி செய்யட்டும், காதலில் தவறட்டும், கடன் வாங்கித் திருப்பித் தர மறக்கட்டும். தேர்வுக்கு முந்திய இரவில் பார்வையுள்ள தோழனுக்கு அவனே பாடம் சொல்லிக் கொடுக்கட்டும். தவறவும் கொடுக்கவும் உரிமை இல்லாதவனைப் பிறர் போற்றலாம்; அவனோடு நட்புக் கொள்ள இயலாது.

கோப்பெருஞ்சோழன் ஆந்தையார்மீது இரக்கம் கொண்டு இடம் ஒதுக்கவில்லை. அவர் வருவார் என உறுதியாக எதிர்பார்த்து ஒதுக்கினான். அத்தகைய ஓர் இடத்தைத் தோட்டத்துத் திடலிலும் வளாகத்து மேசையிலும் காட்டும் கதையை எழுதுவது நம் எழுத்தாளர்களின் கடன்.